மரே புக்சினும் சூழலியலும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரே புக்சின் என்ற அமெரிக்கச் சிந்தனையாளரைப் பற்றி எங்கள் பக்கம் கதைக்கத் தொடங்கினால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே இருந்து கேட்டாலும் பசளை, தண்ணீர், காடு என்ற மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

யார் இந்த மரே புக்சின்?

1921 ஜனவரியில் நியூயோர்க்கில் பிறந்தவர். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். சிறுவயதில் இவருக்கு அரசியலை ஊட்டியது பாட்டி. அந்த அம்மா ரஷ்யாவில் சார் மன்னராட்சிக்கு எதிரான சோசலிசப் புரட்சியாளர் கட்சியில் இருந்தவர். பாட்டி இறந்த பிறகு, ஒன்பது வயதிலேயே கம்யூனிஸ்டுகளின் சிறுவர் அமைப்பில் சேர்ந்தார். பிறகு வாலிபர் அமைப்பு, தெருமுனைப் பேச்சு, பத்திரிகை விற்பனை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. இரும்பு வார்ப்பு ஆலையிலும் கார் தொழிற்சாலையிலும் வேலை செய்தபடி தொழிற்சங்கத்தில் இயங்கினார். பிற்காலத்தில் பட்டம் இல்லாமலேயே நியூ ஜேர்சியில் உள்ள ஒரு கல்லூரியில் பேராசிரியரானார். 2006 ஜூலை 30 அன்று வேர்மொன்ட் மாநிலத்தின் பேர்லிங்டனில் காலமானார்.

கம்யூனிஸ்டாக இருந்தவர் ஏன் விலகினார்?

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஸ்டாலினின் ஆட்கள் நடந்துகொண்ட விதமும், ஸ்டாலின் தன் பழைய தோழர்கள் மேலேயே போட்ட மொஸ்கோ வழக்குகளும் அவரை உலுக்கின. 1939இல் வெளியேற்றப்பட்டார். கொஞ்சக் காலம், ஸ்டாலினை எதிர்த்த ட்ரொட்ஸ்கியவாதிகளோடு நின்றார். 1945 நவம்பரில் தொடங்கி 113 நாள் நீடித்த ஜெனரல் மோட்டோர்ஸ் வேலைநிறுத்தம் இன்னொரு திருப்பம். அது முடிந்தபோது தொழிலாளருக்குச் சம்பள உயர்வு கிடைத்தது, ஆலை பழையபடி ஓடியது. தொழிற்சாலைக்குள் இருந்து ஒரு புதிய சமூகம் பிறக்கும் என்று நம்பி வந்த மனிதருக்கு அந்த நம்பிக்கை உடைந்தது. பலர் இந்த இடத்தில் அரசியலையே விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. முதலாளித்துவம் மனிதனை வேறு எங்கே தொடுகிறது என்று தேடத் தொடங்கினார்.

அரசியல்காரர் ஒருவர் சாப்பாட்டில் உள்ள இரசாயனத்தைப் பற்றி எழுத வேண்டி வந்தது எப்படி?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

1940களின் கடைசியில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஜோசப் வெபர் என்ற முன்னாள் ட்ரொட்ஸ்கியவாதியைச் சுற்றி நியூயோர்க்கில் ஒரு சிறு குழு இருந்தது. அவர்கள் ஒரு சஞ்சிகை நடத்தினார்கள். அதே நேரத்தில், 1950இல் இருந்து, அமெரிக்கக் காங்கிரசின் ஒரு குழு உணவில் கலக்கும் இரசாயனங்களைப் பற்றி விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டிலேனி அதன் தலைவர். பூச்சிநாசினி எச்சங்கள், பதப்படுத்தும் பொருட்கள், கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஹோர்மோன்கள் என்று நிபுணர்கள் அந்தக் குழு முன் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களைப் புக்சின் உட்கார்ந்து வாசித்தார். 1952இல் லூயிஸ் ஹேர்பர் என்ற புனைபெயரில், உணவில் இரசாயனங்களின் பிரச்சினை பற்றி அந்தச் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழே வருடம் ஆகியிருந்தது. டிடிரி (DDT) என்ற பூச்சிநாசினி அப்போது ஒரு வெற்றிச் சின்னம். போரில் படையினரை மலேரியாவிலிருந்தும் தைபசுக் காய்ச்சலிலிருந்தும் காப்பாற்றிய மருந்து என்று கொண்டாடினார்கள். அது பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 1948இல் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில், இது வயலுக்குள் வந்தது விளைச்சலுக்காக மட்டும் இல்லை, விற்பவனின் இலாபத்துக்காகவும்தான் என்று எழுதத் துணிவு வேண்டும். ஒரே பயிரைப் பெருநிலத்தில் போட்டால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் மருந்து அடிக்க வேண்டும், அடிக்க அடிக்கப் பூச்சி தாக்குப்பிடிக்கப் பழகும், பிறகு இன்னும் கூட அடிக்க வேண்டும். இந்தச் சுழலை அவர் பொருளாதாரச் சுழலாகவே பார்த்தார்.

ஆலையில் தொழிலாளியின் உழைப்பைப் பிடுங்கிய அதே முறைதான் அவன் வீட்டுக் கோப்பைக்குள்ளும் கை வைக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதனால் சூழல் பக்கம் திரும்பியதை அவருடைய அரசியலின் தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன். வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோயால் ஆட்கள் நோயாளிகளாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை கிடையாது. அந்த நோயின் காரணத்தை ஆய்வாளர்கள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர், வெயில், மருந்து, வறுமை என்று அவர்கள் ஆராயும் எல்லாமே கமக்காரனின் அன்றாட வாழ்க்கையில் இருப்பவைதான்.

சூழல் பற்றிய முதல் புத்தகம் ‘மௌன வசந்தம்’ என்றுதானே சொல்வார்கள்?

உலகத்தை அசைத்த புத்தகம் அதுதான். ரேச்சல் கார்சன் எழுதி 1962 செப்டெம்பரில் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே வருடத்தில், ‘நமது செயற்கைச் சூழல்’ என்ற பொருள்படும் தலைப்பில் புக்சினின் புத்தகம் வந்துவிட்டது. மறுபடியும் லூயிஸ் ஹேர்பர் என்ற பெயரில்தான். கார்சன் பூச்சிநாசினிகளை மட்டும் எடுத்து, கடல் உயிரியல் படித்த ஒருவரின் நிதானத்தோடும் அழகோடும் எழுதினார். புக்சின் மண், உணவு, நகர வாழ்க்கை, புற்றுநோய், அணுக் கதிர்வீச்சு என்று எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கட்டினார். நகரங்களைச் சிறிதாக்க வேண்டும், கமத்தையும் நகரத்தையும் மறுபடி நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்றார். அது பரவலாக வாசிக்கப்படவில்லை. கார்சனுடைய புத்தகமே சிறப்பாக எழுதப்பட்டது என்று தயங்காமல் சொல்வேன். புக்சினுடையது இன்னும் தூரம் பார்த்தது.

அவருடைய மையக் கருத்தை எளிமையாகச் சொல்ல முடியுமா?

மனிதன் இயற்கையை அடக்கி ஆள நினைத்தது, மனிதன் மனிதனை அடக்கி ஆளத் தொடங்கியதிலிருந்து வந்தது. இதுதான் கரு. இதை அவர் சமூகச் சூழலியல் என்று அழைத்தார்.

மார்க்சியர்கள் பொதுவாக இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: மனிதன் இயற்கையோடு போராட வேண்டி வந்தது, அந்தப் போராட்டத்தில் வர்க்கங்கள் உருவாகின என்று. புக்சின் வர்க்கத்துக்கும் முன்னால் போனார். முதியவர் இளையவரை ஆள்வது, ஆண் பெண்ணை ஆள்வது, பூசாரியும் போர்வீரனும் மற்றவர்களை ஆள்வது என்ற மேல்கீழ் அடுக்குகள் சொத்துக்கும் அரசுக்கும் முந்தியவை என்றார். 1982இல் வந்த அவருடைய பெரிய நூல் முழுக்க இதைத்தான் விரிக்கிறது. ஆகவே முதலாளியை மட்டும் அகற்றினால் ஆறு சுத்தமாகிவிடாது. சோவியத் ஒன்றியத்தில் முதலாளிகள் இருக்கவில்லை, ஆரல் கடல் வற்றிப்போனது.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் கேள்வி: ஒரு குளத்தையோ காட்டையோ வயலையோ பற்றிய முடிவை யார் எடுக்கிறார்கள்? அந்த முடிவோடு வாழ வேண்டியவர்கள் அந்த இடத்தில் இருக்கிறார்களா? புக்சினை வன்னியில் வாசிக்க வேண்டிய காரணம் எனக்கு இந்த ஒரு கேள்விதான். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் அதைத்தான் கேட்கிறேன்.

அப்படியென்றால் 2021 பசளைத் தடையை அவர் ஆதரித்திருப்பாரா?

2021 மே மாதம் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி, களைநாசினி இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பர் கடைசியில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. யூரியா இல்லாமல் விதைத்த 2021/22 காலபோகம் வெளிறிப்போய் நின்றது. கடன் வாங்கி விதைத்தவன் கடனோடு நின்றான்.

அவர் எழுதியதை வைத்து என் தீர்ப்பைச் சொல்கிறேன். இரசாயனக் கமம் மண்ணைக் கெடுக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் 1962லேயே, பழைய கால விவசாயத்துக்கு அப்படியே திரும்பிப் போகச் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதினார். மண்ணின் சேதனப் பொருளைக் கூட்டுவது, பயிர்களை மாற்றி மாற்றிப் போடுவது, கலந்து போடுவது, பூச்சியை அதன் இயற்கை எதிரிகளைக் கொண்டு கட்டுப்படுத்துவது என்பவை அவர் காட்டிய வழி. இதற்கெல்லாம் வருடங்கள் வேண்டும். கமக்காரரின் அறிவும் சம்மதமும் வேண்டும். கொழும்பில் ஒரு கையெழுத்து, அடுத்த போகத்தில் முழு நாடும் சேதனம் என்பது அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்த அதிகாரத்தின் நேரடி வடிவம்.

அந்தத் தடை இன்னொரு சேதமும் செய்தது. சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே இன்று பல கமக்காரருக்குக் கோபம் வருகிறது. நல்ல ஒரு கருத்தை மேலிருந்து திணித்ததால் அது பல வருடங்களுக்குப் பின்னுக்குப் போய்விட்டது. இது எனக்குப் பெரிய கவலை.

போர்க்காலத்தில் யூரியாவும் இல்லை, மின்சாரமும் இல்லை. நாங்கள் அப்போதே இயற்கையோடு வாழ்ந்தோம்தானே?

இந்தக் கேள்வியைப் பெருமையோடு கேட்பவர்களும் உண்டு, கசப்போடு கேட்பவர்களும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பசளை, எரிபொருள், பற்றறி, சீமெந்து எல்லாமே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதைச் சூழலியல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. புக்சினும் சம்மதித்திருக்க மாட்டார். அவர் வறுமையைப் புகழ்ந்தவர் இல்லை. எல்லோருக்கும் போதுமானது கிடைத்து, ஓய்வும் படிப்பும் கலையும் வாய்க்கும் ஒரு சமூகத்தைத்தான் கேட்டார். 1960களிலேயே சூரிய சக்தி, காற்று, கடலின் வற்றுப்பெருக்கு ஆகியவற்றை ஊருக்கு ஊர் சிறிய அளவில் பயன்படுத்தலாம் என்று எழுதினார். உடலை முறிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்றார். பசளை இல்லாமல் விதைப்பதை ஒருவன் தானே தெரிந்தெடுப்பது ஒன்று. அவனைச் சுற்றி வளைத்துப் பட்டினி போடுவது வேறு.

காட்டைக் காப்பாற்றுவது நல்லதுதானே? பிறகு ஏன் எல்லைக் கற்களை எதிர்க்கிறார்கள்?

காடு எங்களுக்கு வேண்டும். பாலையும் முதிரையும் வீரையும் இல்லாத வன்னி வன்னியே இல்லை. களவாக மரம் வெட்டுவதையும் ஆற்றுப்படுகையில் மணல் அள்ளுவதையும் முதலில் எதிர்ப்பவர்களும் அயலில் உள்ள ஊர்ச்சனம்தான். ஆனால் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள், தங்கள் வயலும் மேட்டுக்காணியும் பற்றை மூடிக் கிடப்பதையும் அதற்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் நடப்பட்டிருப்பதையும் கண்டார்கள். அங்கே காடு வளர்ந்தது ஆட்கள் துரத்தப்பட்டதால். அதை இயற்கை வனம் என்று வரைபடத்தில் பச்சை அடிப்பது அநியாயம்.

புக்சின் இதே மாதிரியான ஒரு சண்டையை 1987இல் போட்டார். அமெரிக்காவில் காட்டுயிர்ப் பாதுகாப்பாளர் ஒருவர், எத்தியோப்பியாவில் பஞ்சத்தில் வாடுபவர்களுக்கு உதவுவதை விட, இயற்கை தன் சமநிலையைத் தானே தேடிக்கொள்ள விட்டுவிடலாம் என்று பேட்டி கொடுத்திருந்தார். மாசசூசெட்சில் பசுமை அமைப்புகள் கூடிய பெரிய கூட்டத்தில் புக்சின் இந்தப் போக்கைக் கடுமையாகத் தாக்கினார். மனிதகுலம் முழுவதையும் பூமியின் நோய் என்று சொல்வது, அழித்தவனையும் அழிக்கப்பட்டவனையும் ஒரே தராசில் வைப்பதாகும் என்பது அவருடைய வாதம். பட்டினி கிடந்த சனம் ஒன்றைப் பார்த்து அப்படிச் சொல்லலாம் என்று நினைத்த சூழலியல் எந்த இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் குளத்துக் கூட்டங்கள் அவர் சொன்ன மக்கள் சபை மாதிரித்தானே?

பாதி ஆம். ஊர் மக்கள் முகத்துக்கு முகம் கூடி முடிவெடுக்க வேண்டும், அந்தச் சபைகள் ஒன்றோடொன்று இணைந்த கூட்டமைப்பாக இயங்க வேண்டும், பிரதிநிதிகள் எப்போதும் திருப்பி அழைக்கப்படக் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். வேர்மொன்டில் பழைய காலத்திலிருந்து நடக்கும் ஊர்க்கூட்டங்களை அதற்கு ஒரு உதாரணமாகக் காட்டினார்.

எங்களிடம் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் நடக்கிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது துருசு திறப்பது என்று அங்கே கதைத்து முடிவெடுக்கிறார்கள். வட்டவிதானை தண்ணீரைப் பங்கிடுகிறார். தண்ணீருக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் அந்த எல்லைக்குள் எல்லோரும் பிழைக்க வேண்டும் என்பதையும் அந்தக் கூட்டம் ஒவ்வொரு வருடமும் நேருக்கு நேர் சந்திக்கிறது. அது பெரிய விடயம்.

மற்றப் பாதியையும் பாருங்கள். தலைமை தாங்குவது மாவட்டச் செயலாளர். வயல் உள்ளவர்தான் வாய் திறக்கலாம். கூலிக்கு நாற்று நடுபவருக்கும் களை பிடுங்கும் பெண்ணுக்கும் மீன்பிடிப்பவருக்கும் அங்கே இடம் குறைவு. யார் முன்வரிசையில் இருப்பது என்பதில் சாதி இன்னும் வேலை செய்கிறது. பழைய வழக்கம் என்பதற்காக எதையும் புக்சின் ஏற்றுக்கொண்டதில்லை. முதியவர் ஆட்சியையும் ஆண் ஆட்சியையும் முதல் அடுக்குகள் என்று சொன்னவர், இந்தக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் முதலில் யார் வரவில்லை என்றுதான் கேட்டிருப்பார்.

ஒரு ஊர்ச்சபை பக்கத்து ஊருக்குத் தண்ணீர் தரமாட்டேன் என்றால்?

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தில் இதைத்தான் பார்த்தோம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. கமக்காரரின் பயமும் நியாயம், யாழ்ப்பாணத்தின் தாகமும் நியாயம். புக்சினின் பதில் கூட்டமைப்பு: எந்த ஒரு சபையும் மற்றவர்களின் உயிர்த்தேவையைத் தனியே தீர்மானிக்கக் கூடாது. சரி, ஆனால் கூட்டமைப்பில் பெரும்பான்மை சிறு ஊர் ஒன்றின் குளத்தை விழுங்கினால் யார் தடுப்பது? இதற்கு அவரிடம் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

காற்றாலை நல்லது என்றவர், மன்னார்ப் போராட்டத்தை என்ன சொல்லியிருப்பார்?

மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளைக் கொண்ட நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் இன்னும் பெரிதாகக் கட்டவிருந்த ஒரு இந்திய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே வருடம், மேலும் காற்றாலைகள் வருவதற்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் சனம் வீதிக்கு இறங்கியது. வெள்ளம் வடிந்தோடும் வழி அடைபடுகிறது, தொழில் கெடுகிறது, குளிர்காலத்தில் வரும் பறவைகளின் பாதையில் விசிறி நிற்கிறது என்பவை அவர்களின் முறைப்பாடுகள்.

புக்சின் கேட்டது ஊரின் கையில் உள்ள காற்றாலை. தூரத்தில் உள்ள மூலதனம், தூரத்தில் உள்ள அமைச்சு, இடையில் கேட்கப்படாத மீனவர் என்ற அமைப்பில், விசிறி சுத்தமான மின்சாரம் தந்தாலும் உறவு பழைய உறவுதான்.

காலநிலை மாற்றத்தை முன்கூட்டியே சொன்னாரா?

1964இல் எழுதிய கட்டுரையில் சொன்னார். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் கரியமிலவாயு கூடும், வெப்பம் ஏறும், புயல்கள் மூர்க்கமாகும், துருவப் பனி உருகிக் கடல் உயரும் என்றார். பனி உருக இரண்டு மூன்று நூற்றாண்டு ஆகலாம் என்று நினைத்தார். விஞ்ஞானிகள் சிலர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இடதுசாரி அரசியல் எழுத்தில் அது மிக ஆரம்பகாலக் குரல்.

குர்திஷ் போராளிகள் இவரை வாசித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் தலைவர் அப்துல்லா ஒச்சலான் 1999இல் பிடிபட்டுத் துருக்கியின் இம்ராலித் தீவுச் சிறையில் இருந்தபோது புக்சினை வாசித்தார். 2004இல் இடையாட்கள் மூலம் தொடர்புகொண்டார். புக்சின் அப்போது முதுமையிலும் நோயிலும் இருந்ததால் நீண்ட உரையாடல் நடக்கவில்லை. 2005இல் ஒச்சலான் தனி அரசு என்ற இலக்குக்குப் பதிலாக ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற திட்டத்தை அறிவித்தார். 2012இலிருந்து வடக்குச் சிரியாவில் ஊர் அவைகள், பெண்களுக்குக் கட்டாய இணைத்தலைமை என்று அதன் ஒரு பகுதி போரின் நடுவே நடைமுறைக்கு வந்தது.

இங்கே இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். புக்சின் தேசியவாதத்தை விமர்சித்தவர். ஒடுக்கப்பட்ட மக்கள் எழுவதை ஆதரித்தாலும், புதிய அரசு ஒன்று கிடைத்தவுடன் விடுதலை வந்துவிடும் என்பதை ஏற்கவில்லை. அதோடு உடன்படாதவர்களும் அவரை வாசிக்கலாம்.

அவரிடம் குறைகள் இல்லையா?

உண்டு. உடன் நின்றவர்களோடு கடுமையாகச் சண்டை பிடித்தார். பல வருடம் தன்னை அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்பவர், என்று சொல்லி, 1999 அளவில் அவர்களையும் விட்டு விலகினார். அவர் எழுதியதில் பெரும்பகுதி ஐரோப்பாவும் வட அமெரிக்காவும்தான். காலனி ஆட்சி குடியேற்றங்களையும் காணிகளையும் எப்படிக் கலைத்துப் போட்டது என்பதை, அதைத் தோளில் சுமப்பவர்கள் எதிர்பார்க்கும் ஆழத்தில் அவர் எழுதவில்லை. இரு இனங்கள் ஒரே குளத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றின் பக்கம் இராணுவம் நிற்கும் இடத்தில் ஊர்ச்சபை எப்படி வேலை செய்யும் என்பதை நாங்களேதான் யோசிக்க வேண்டும்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

சூழலியலும் புரட்சிச் சிந்தனையும் பற்றிய அந்த 1964 கட்டுரையிலிருந்து. சின்னது, கோபமும் தெளிவும் உள்ளது. ஆங்கிலம் வாசிக்கக் கூடிய ஒருவர் சத்தமாக வாசித்து, பந்தி பந்தியாக நிறுத்தித் தமிழில் சொன்னால் கமக்காரர் அமைப்புக் கூட்டம் ஒன்றின் பிறகு ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். 1962 புத்தகத்தில் கமமும் மனித ஆரோக்கியமும் பற்றிய அத்தியாயத்தை அடுத்து எடுங்கள். 1982இல் வந்த தடித்த நூல் கடினம். அதைத் தனியே வாசிக்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசியுங்கள், முதல் முறை மெய்யியல் பக்கங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.